பழைய ராணுவ ஜீப்பில் நெடுந்தூரம்: முதலில் எதை மாற்ற வேண்டும்?

பழைய ராணுவ ஜீப் ஒன்று சாலையோர டீக்கடையில் நின்றால் போதும், பத்து நிமிடத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். "ராணுவ வண்டி, எவ்வளவு தூரம் வேணும்னாலும் அடிக்கலாம்" என்பார் ஒருவர். "இன்ஜினை மட்டும் தூக்கிட்டு டீசல் போட்டுட்டா லடாக் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சையும் நம்பிப் பணத்தைக் கொட்டி, கடைசியில் வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். நல்ல வண்டிகள் அப்படி முடங்கிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உழவு மாட்டையும் ரேக்ளா மாட்டையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுமே வலுவானவைதான். ஆனால் சேற்றில் நாள் முழுக்க ஏர் இழுக்கும் மாட்டைக் கொண்டுபோய் ரேக்ளாவில் பூட்டினால் அரை மைலில் நுரை தள்ளிவிடும். ராணுவ ஜீப் உழவு மாடு. அதை நெடுஞ்சாலையில் நாள்தோறும் 300 கிலோமீட்டர் ஓட்டுவது வேறு வேலை. அந்த வேலைக்கு அதைப் பழக்க என்னென்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை மெக்கானிக் அல்லாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுக்கு வில்லிஸ் எம்பி ஜீப்பை வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஓடிய பெரும்பாலான ஜீப்புகளுக்கு அதுதான் பாட்டன்.

அது எதற்காகப் பிறந்தது?

1940இல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று நிறுவனங்களைக் கேட்டது. பேன்டம் என்ற சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் 1941 முதல் 1945 வரை ஏறத்தாழ ஒரே வடிவமைப்பில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. ராணுவக் கணக்கில் அதன் பெயர் "கால் டன் டிரக்". போர் முடிந்து 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பாகம் பூட்டிச் செய்யத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சிஜே வரிசையைச் சேர்ந்த சிஜே-3பி என்ற உயர்ந்த பானட் ஜீப் அந்த வழியில் வந்து, பல பத்தாண்டுகள் இங்கேயே தயாரானது. தேனிப் பக்கத்து எஸ்டேட் சாலைகளில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்து முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எம்பியின் இன்ஜின் 2.2 லிட்டர், 4 சிலிண்டர், பெட்ரோல். திறன் 60 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்தான். டேஷ்போர்டில் ஒரு தகடு உண்டு, எந்த கியரில் எவ்வளவு வேகம் வரை போகலாம் என்று அதில் இருக்கும். டாப் கியருக்கு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர். இதைப் படித்துவிட்டு "அப்படியானால் 90இல் தாராளமாகப் போகலாமே" என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தத் தகடு சொல்வது, அதைத் தாண்டினால் இன்ஜின் தாங்காது என்பதை. அந்த வேகத்திலேயே நாள் முழுக்க ஓட்டலாம் என்பதை அல்ல.

சைக்கிள் சொல்லும் கணக்கு

கியர் சைக்கிள் ஓட்டியவருக்கு இது உடனே புரியும். மேட்டில் ஏறும்போது லேசான கியருக்கு மாற்றுகிறோம். கால் வேகமாகச் சுழலும், சைக்கிள் மெதுவாகப் போகும், ஆனால் ஏறிவிடும். அதே கியரில் சமதரைக்கு வந்தால் என்ன ஆகும்? கால் பறபறவென்று சுழலும், சைக்கிளோ ஆடி அசைந்துதான் போகும். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். நம் காலில் வலு இல்லை என்பதா பிரச்சினை? இல்லை, கியர்தான் பிரச்சினை.

ராணுவ ஜீப் எப்போதும் மேட்டுக்கான கியரிலேயே இருக்கும் சைக்கிள். எப்படி என்று பார்ப்போம். இன்ஜின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இது. அடுத்து ஷாஃப்ட். கடைசியாக அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன்-பினியன். சிறிய பல்சக்கரமான பினியன் சுழன்று பெரிய பல்சக்கரமான கிரவுனைத் திருப்புகிறது, கிரவுன் சக்கரங்களைத் திருப்புகிறது.

சக்கரம் ஒருமுறை சுழல ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதுதான் அச்சு விகிதம். எம்பியில் அது 4.88. அதன் டாப் கியரில் கியர்பாக்ஸ் எதையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றியாக வேண்டும். போருக்குப் பிறகு வந்த சிஜே வகைகள் பலவற்றில் விகிதம் 5.38. இன்னும் மோசம், நெடுஞ்சாலைக் கண்ணில் பார்த்தால். வயலில் கலப்பை இழுக்க அதுதான் சரி.

எண்ணில் வைத்துப் பார்த்துவிடலாம். எம்பியின் டயர் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் நகரும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர், அதாவது டயர் சுமார் 606 சுற்று. அதை 4.88ஆல் பெருக்கினால் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,950 சுற்று. 100 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 3,700. முழுத்திறன் வருகிற 4,000 சுற்றுக்கு வெகு அருகில். 60 கிலோமீட்டரில் 2,200 சுற்றுதான், அங்கே இன்ஜின் நிம்மதியாக இருக்கும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது: ஜீப் நெடுஞ்சாலையில் திணறுவதற்கு முதல் காரணம் இன்ஜினின் பலவீனம் அல்ல, அது தேவைக்கு மேல் சுழல வேண்டியிருப்பது. ஆகவே நெடுந்தூர மாற்றத்தின் நோக்கம் வேகத்தைக் கூட்டுவதல்ல. 70, 80இல் வண்டியை அமைதியாக ஓட வைப்பது.

சுழற்சியைக் குறைக்கும் வழிகள்

எனக்குப் பிடித்த வழி ஓவர்டிரைவ். இது ஒரு சிறிய கூடுதல் பல்சக்கரப் பெட்டி. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில், வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) போன்ற கருவிகளுக்குச் சுழற்சி எடுப்பதற்காகவே ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் இதைப் பூட்டுவார்கள். லீவரைத் தள்ளினால் இன்ஜின் சுழற்சி சுமார் கால்வாசி குறையும். மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்: 80இல் போகும்போது இன்ஜின் 60இல் போவதைப் போலச் சுழலும். அதே இரைச்சல், அதே சூடு, ஆனால் 20 கிலோமீட்டர் கூடுதல். வேண்டாதபோது லீவரைத் திருப்பிவிட்டால் பழைய ஜீப் அப்படியே இருக்கும். எதையும் வெட்ட வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி கிரவுன்-பினியனையே மாற்றுவது. பிற்கால ஜீப்புகள் சிலவற்றில் 4.27 என்ற விகிதம் வந்தது. அந்த விகிதம் இருந்தால் 80இல் சுழற்சி 2,600க்குக் குறையும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். செலவைப் பார்த்துப் பின் அச்சில் மட்டும் மாற்றிவிட்டு, முன் அச்சை அப்படியே விட்டுவிடுவார்கள். சாதாரண ஓட்டத்தில் எதுவும் தெரியாது. ஒருநாள் சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் ஒரு வேகத்திலும் சுழலப் பார்க்கும். ஒரே நுகத்தில் ஓடுகிற மாட்டையும் நடக்கிற மாட்டையும் பூட்டியது போல. உள்ளே பல் உடையும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

பெரிய டயர் போடுவதும் ஒரு வழிதான், சுற்றளவு கூடினால் சுழற்சி குறையும். ஆனால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சுமை கூடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், ஆசைக்குப் பெரிதாக்க வேண்டாம்.

ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸ் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அதன் ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ் வேலையைச் செய்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஐந்து கியர் பெட்டி நீளமானது. மொத்தமே 80 அங்குல அச்சிடைவெளி உள்ள வண்டியில் பெட்டி நீண்டால் பின் ஷாஃப்ட் குட்டையாகும். குட்டையானால் அது செங்குத்தான கோணத்தில் நிற்கும். கோணம் கூடினால் அதிலுள்ள கிராஸ் ஜாயின்ட், அதாவது கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, அதிர்ந்து, சீக்கிரம் தேய்ந்து, ஒருநாள் வழியில் விட்டுவிடும். ஒன்றை மாற்றினால் அடுத்தது இடம் கேட்கும். இந்த வேலை முழுவதிலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான்.

இன்ஜினை மாற்றினால்?

சரி, டீக்கடையில் சொன்ன டீசல் யோசனைக்கு வருவோம். மலைச் சரிவில் சுமை ஏற்ற டீசல் அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் பழைய டீசல் இன்ஜின்கள் பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு வேகமாகச் சுழலாதவை. 3,000 சுற்றுக்கு மேல் விரும்பாத ஒரு டீசலை 4.88 அச்சோடு பூட்டினால் வண்டியின் உச்ச வேகம் எவ்வளவு? கணக்குப் போட்டால் 81 கிலோமீட்டர். பெட்ரோலில் 105 இருந்தது. இன்ஜினுக்குப் பணம் கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டோம்! அச்சு விகிதத்தையும் சேர்த்து மாற்றினால்தான் டீசலுக்கு அர்த்தம் வரும்.

அப்புறம் எடை. டீசல் இன்ஜின் கனமானது. மூக்கில் எடை கூடினால் முன் ஸ்பிரிங் பட்டைகள் தாழும், ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இன்னும் குனியும். கூடவே திருப்புவிசை. சக்கரத்தைத் திருகும் முறுக்கு வலுவைத்தான் திருப்புவிசை என்கிறோம். எம்பியின் இன்ஜின் தருவது சுமார் 142 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், அச்சு எல்லாம் அந்த அளவுக்குச் செய்தவை. இரண்டு மடங்கு முறுக்குகிற இன்ஜினை வைத்தால் இன்ஜின் உடையாது, அடுத்திருப்பது உடையும். அதை மாற்றினால் அதற்கு அடுத்தது.

என் கருத்தைக் கேட்டால், இன்ஜின் பட்டியலில் கடைசி. பழைய இன்ஜினை முறையாகப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து (போரிங்), பிஸ்டன் மாற்றி, வால்வு உட்கார வைத்து ஓட்டினாலே 70இல் நாள் முழுக்கப் போகும்.

பிரேக்: பணம் முதலில் போக வேண்டிய இடம்

ஓடும் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 40இல் நிறுத்தத் தெரிந்த பிரேக் 80இல் நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறி பிரேக்கில்தான் இறங்கும்.

எம்பியில் நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். சுழலும் ஒரு வட்டிலுக்குள் இரண்டு பிறைவடிவ ஷூக்கள் விரிந்து அமுக்கும் ஏற்பாடு. மூடிய வட்டில் என்பதால் சூடு வெளியே போக வழி குறைவு. தொடர்ந்து அழுத்தினால் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் சூடேறி அதன் பிடிமானம் குறையும். இதற்குப் பெயர் பிரேக் மங்கல். மிதி கல் மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இதை நான் நண்பரின் ஜீப்பில் இருந்தபோது உணர்ந்திருக்கிறேன். டாப் கியரில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினோம். பாதி வழியில் கருகிய வாடை. அடுத்த வளைவில் நண்பர் முழு பலத்தோடு மிதித்தும் வண்டி விரும்பிய இடத்தில் நிற்கவில்லை. மண் மேட்டில் ஏற்றி நிறுத்தினார். அரை மணி நேரம் ஆற விட்டு, இரண்டாவது கியரில் இறங்கினோம். இறக்கத்தில் இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடிக்க வேண்டும், பிரேக் துணைக்குத்தான். அன்று கற்றது இன்றுவரை மறக்கவில்லை.

இன்னொரு பெரிய குறை உண்டு. பழைய ஜீப்பில் பிரேக் ஆயில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரின் (மிதியை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் உருளை) ஒரே அறையிலிருந்து போகிறது. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் போட்டால் முன்னும் பின்னும் தனித்தனி வழியாகிவிடும், ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். செலவு குறைவு, வெளியே தெரியவும் தெரியாது. ஓட்டுகிற ஜீப் எல்லாவற்றிலும் இது இருக்க வேண்டும் என்பேன். அதற்கு மேல் வேண்டுமானால் 11 அங்குல டிரம், அல்லது முன்பக்கம் டிஸ்க். ஹேண்ட் பிரேக்கையும் மறக்க வேண்டாம். எம்பியில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. நிறுத்தி வைக்க மட்டும்தான் அது.

நேராகப் போக வைப்பது

கையை விட்டுச் சைக்கிள் ஓட்ட முடிகிறது அல்லவா? முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்தச் சாய்வு சக்கரத்தைத் தானாக நேர்ப்பாதைக்குத் திருப்பிக் கொண்டுவர உதவுகிறது. வண்டியில் இதற்குக் காஸ்டர் என்று பெயர். எம்பியில் இது சுமார் 3 டிகிரி. பல ஆண்டுகளில் ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து போனாலும், உயரம் கூட்டுகிறேன் என்று யாராவது ஸ்பிரிங்குக்கு அடியில் எதையாவது வைத்திருந்தாலும், இந்தச் சாய்வு கெட்டுப்போகும். பிறகு வண்டி சாலை முழுக்க மேயும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம்.

ஏதோ ஒரு வேகத்தில், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் இரு பக்கமும் வெறிபிடித்தது போல உதறுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் முன் சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள கிங் பின் பேரிங் தளர்ந்திருப்பது, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு கம்பியின் முனைகள் தேய்ந்திருப்பது, டயர் பேலன்ஸ் இல்லாதது. அதிர்வை விழுங்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் பூட்டினால் உதறல் அடங்கும், உண்மைதான். ஆனால் தேய்ந்தது தேய்ந்தபடியே உள்ளே இருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் போடுவது அது. தேய்ந்ததை மாற்றிவிட்டுப் பிறகு டேம்பர் போடுங்கள்.

ராணுவ டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க அழகுதான் அந்தக் கட்டம்கட்டமான டயர், மண்ணுக்காகச் செய்தது. நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடிமானம் குறைவு, இரைச்சலோ அதிகம். நெடுந்தூரத்துக்குச் சாலை டயர்தான்.

சூடு

1940இல் எகிப்தில் ரால்ஃப் பேக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பாலைவனத்தில் நீண்ட தூரம் போகும் ஒரு படைப்பிரிவைத் தொடங்கினார். அவர்கள் நம் ஆட்களுக்கு நேர் எதிர்வழியில் போனார்கள். சாதாரண ஷெவர்லே வியாபார லாரிகளை வாங்கி ராணுவ வேலைக்குப் பழக்கினார்கள். கதவு, கூரை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்தார்கள். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினார்கள். ரேடியேட்டருக்கு ஒரு தகர டப்பாவைச் சேர்த்தார்கள். அந்த டப்பாதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ரேடியேட்டரில் நீர் கொதித்தால் ஆவி வழியும் குழாய் வழியாக வெளியே போய்விடும், நீர் குறைந்துகொண்டே வரும். பேக்னோல்ட் அந்தக் குழாயைப் பாதி நீர் நிரம்பிய டப்பாவுக்குள் விட்டார். ஆவி டப்பா நீரில் குளிர்ந்து மறுபடி நீராகும். இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் அந்த நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நீரே கிடைக்காத மணலில் பல நூறு மைல் போக இது உதவியது. இன்றைய கார்களில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் இதே தத்துவம்தான். பழைய ஜீப்பில் இதைச் சேர்ப்பது ஒரு மணி நேர வேலை.

மூடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடும்போது நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. எம்பியின் மூடி மிக லேசான அழுத்தத்துக்கானது, கொதிநிலையை 107 டிகிரி அளவுக்கு மட்டும் உயர்த்தும். இன்றைய கார் மூடி 120 வரை உயர்த்தும். அதை வாங்கிப் பழைய ரேடியேட்டரில் மாட்டினால் கொதிக்காதுதான், ஆனால் 80 வருடப் பற்றவைப்பு பிரிந்துகொள்ளும். மூடியை மாற்றுவதற்கு முன் ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பை எடுத்து, உள்ளே புதிய கோர் போடுங்கள். பெரும்பாலான ஜீப்புகளுக்கு அதுவே போதும்.

சூட்டோடு பெட்ரோலும் சேர்ந்து படுத்தும். குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகில் போனால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைக்கும், வண்டி நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். குழாயை நகர்த்தி, நடுவில் ஒரு தகடு வைத்து மறைத்தால் தீரும். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டையும் ஒரு அளவு கூட்ட வேண்டியிருக்கலாம்.

நான்கு சக்கர இழுவையும் தார்ச்சாலையும்

"மழையில் நாலு வீலும் போட்டுக்கிட்டா பிடிமானம்" என்று சொல்வார்கள். மண்ணில், சேற்றில் சரி. தாரில் தவறு. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடப் பெரிய வட்டத்தில் போகின்றன, ஆகவே கூடுதலாகச் சுழல வேண்டும். இந்த ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைத்துவிடுவதால் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லை. மண்ணில் டயர் சற்றே வழுக்கிச் சமன்செய்யும். தாரில் வழுக்காது, முறுக்கு உள்ளேயே ஏறி ஷாஃப்டையும் பல்லையும் வதைக்கும். நெடுஞ்சாலைக்கு முன் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் போடலாம். கையால் திருகினால் சக்கரம் அச்சிலிருந்து விடுபட்டுத் தனியே சுழலும், முன் அச்சின் உள்பாகங்கள் வீணாகச் சுழலாது.

மின்சாரம் எளிய விஷயம். எம்பி 6 வோல்ட். அதே வெளிச்சத்துக்கு இரட்டிப்பு கரண்ட் வேண்டும், பழைய வயரில் பாதி வழியிலேயே இழப்பாகும், விளக்கு மஞ்சளாக மினுக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றி ஆல்டர்னேட்டர் வைத்தால் இரவில் சாலை தெரியும்.

சுமையை எங்கே வைப்பது?

ஆஸ்திரேலியரான பென் கார்லின், ஃபோர்டு செய்த நீரிலும் நிலத்திலும் ஓடும் ராணுவ ஜீப் ஒன்றில் உலகத்தையே சுற்றினார். போர் முடிந்தபின் இந்தியாவில் ஒரு விமானத் தளத்தில் அந்த வகை வண்டியைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. முதல் முயற்சிகள் தோற்றன. 1950இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து புறப்பட்டு அட்லான்டிக்கைக் கடந்து, 1958இல் மான்ட்ரியாலில் முடித்தார். அவர் வண்டியில் சேர்த்தவற்றில் முக்கியமானவை இரண்டு: மழை காற்றைத் தடுக்கும் மூடிய கூண்டு, மூக்கிலும் வயிற்றுக்கு அடியிலும் கூடுதல் எரிபொருள் தொட்டிகள்.

தொட்டிகள் எங்கே என்று கவனியுங்கள். தாழ்வாக. தலையில் குடம் வைத்து நடப்பதற்கும் இடுப்பில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. குட்டையான, உயரமான ஜீப்பின் கூரையில் கேரியர் அடித்து ஜெர்ரி கேன்களையும் ஸ்பேர் டயரையும் ஏற்றினால் வளைவில் கவிழ நாமே அழைப்பு வைப்பதாகும். கனமானவை தரைத்தளத்தில், இரண்டு அச்சுகளுக்கு நடுவே. எம்பிக்கு விதித்த சுமை ஆட்களோடு சேர்த்து சுமார் 360 கிலோ. நான்கு பேர் உட்கார்ந்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே நெடுந்தூரத்துக்கு இரண்டு பேர்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

பட்டறைக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின், எரிபொருள் வகை போன்றவை ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் தொடக்கூடாதவை. ஓவர்டிரைவ் போன்றவற்றையும் கேட்டுவிட்டே செய்வது நல்லது. பச்சை வண்ணம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்: ராணுவத்தினுடையது அல்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்க மத்திய மோட்டார் வாகன விதி 121 தடை செய்கிறது. ஏலத்தில் எடுத்த வண்டியானாலும் நிறத்தை மாற்றியாக வேண்டும்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் "வின்டேஜ்" பதிவு என்று ஒன்று வந்தது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அதற்குச் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. அந்தப் பதிவு உள்ள வண்டியை கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், வழக்கமான ஓட்டத்துக்கு அல்ல. நெடும்பயணம் போக விரும்புகிறவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே பொருத்தம்.

முதல் ஓட்டம்

எல்லா வேலையும் முடிந்ததும் நேரே லடாக் போக வேண்டாம். வீட்டிலிருந்து 50 கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, 60ஐத் தாண்டாமல். 20 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம். பிரேக்கை அதிகம் தொடாமல், வேகத்தைத் தானாகக் குறைய விட்டு நிறுத்துங்கள். இறங்கியதும் நான்கு சக்கர ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கையை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஷூ உரசுகிறது. கிரவுன்-பினியன் இருக்கும் கூட்டையும் தொட்டுப் பாருங்கள். எங்கே ஆயில் சொட்டுகிறது என்று பார்க்க வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி, மெக்கானிக்கிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். அதே சாலையில், அதே நோட்டோடு, இன்னும் நாலைந்து முறை போய் வாருங்கள். ஹப் நான்கும் ஒரே சூட்டில் வருகிற நாளில் அடுத்த மாவட்டத்துக்குப் புறப்படலாம்.